இந்திய லைட்வெயிட் துடுப்புப் படகோட்டம்: துஷ்யந்த் சவுகான் முதல் அர்ஜுன் லால் – அரவிந்த் இணை வரை

துடுப்புப் படகோட்டம் இயல்பிலேயே உயரமும் கனமும் உள்ள உடலுக்குச் சாதகமான விளையாட்டு. நீண்ட கைகால்கள் ஒவ்வோர் இழுப்பிலும் துடுப்பை நீரில் கூடுதல் தொலைவு கொண்டுசெல்கின்றன. உடல் பெருத்தால் இழுக்கும் வலு கூடுகிறது. படகை நீர் தடுக்கும் விசை அதே அளவுக்குக் கூடுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட எழுந்ததே எடை வரம்புள்ள லைட்வெயிட் பிரிவு. அது 1974இல் உலக சாம்பியன்ஷிப்பிலும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. ஆண்களில் எவரும் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது; இருவர் ஓட்டும் டபுள் ஸ்கல்ஸில் சராசரி 70 கிலோ. பந்தயத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு எடை பார்ப்பார்கள். எடையைக் குறைத்த களைப்பு தீருமுன்பே 2,000 மீட்டர் இழுத்தாக வேண்டும்.

இந்தியாவில் இந்த விளையாட்டு ஆங்கிலேயர் மன்றங்களில் தொடங்கியது. கல்கத்தாவில் 1858இலும், சென்னையில் அடையாற்றங்கரையில் 1867இலும், புனேயில் 1868இலும் படகு மன்றங்கள் அமைந்தன. ஆனால் பதக்கங்கள் வந்த வழி வேறு. 2,000 மீட்டர் நேராக, அலையில்லாமல் கிடக்கும் நீர்ப்பரப்பு எளிதில் அமைவதில்லை. மும்பையில் விக்ரோலியை ஒட்டிய தானே கழியில் ஏற்றவற்றம் உண்டு; கரையெங்கும் அலையாத்திக் காடு. புனே தாபோடியிலுள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் அதற்கென்றே கால்வாய் இருக்கிறது. கிராமத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து படையில் சேர்ந்த இளைஞர்களை ராணுவம் அங்கே படகோட்டிகளாக்கியது. நாசிக் மாவட்டத்தின் வறண்ட சாந்த்வட் பகுதியைச் சேர்ந்த தத்து போகானல் 2012இல் படையில் சேர்ந்த பிறகே துடுப்பைப் பிடித்தார். நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்கின் ஒருவர் ஓட்டும், எடை வரம்பற்ற சிங்கிள் ஸ்கல்ஸில் 13ஆம் இடம் பெற்றார்.

லைட்வெயிட் பிரிவில் இந்தியா 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக்குகளில் டபுள் ஸ்கல்ஸ் படகை இறக்கியது. இடையே 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் நால்வர் படகு வெள்ளி வென்றது. தனியாளாக இப்பிரிவில் நிலைத்த பெயர் பெற்றவர் ஹரியானாவைச் சேர்ந்த துஷ்யந்த் சவுகான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் லைட்வெயிட் சிங்கிள் ஸ்கல்ஸ் வெண்கலம் அவருடையது. அடுத்த ஆசிய விளையாட்டில், 2018 ஆகஸ்டில் பாலெம்பாங்கில், சளித் தொல்லையுடன் படகேறி, 7 நிமிடம் 18.76 விநாடியில் மீண்டும் வெண்கலம் பிடித்தார். பந்தயம் முடிந்ததும் அவரால் நிற்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. முந்தைய நாள் வெறுங்கையோடு திரும்பிய அணிக்கு அந்த வெண்கலம் பெரிய ஊக்கம். அன்றே ரோஹித் குமார் – பகவான் சிங் இணை லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸில் வெண்கலமும், தத்து போகானல் இடம்பெற்ற நால்வர் படகு தங்கமும் வென்றன.

அடுத்த கட்டம் ராஜஸ்தானின் அர்ஜுன் லால் ஜாட், உத்தரப்பிரதேசத்தின் அரவிந்த் சிங் ஆகியோருடையது. இருவரும் ராணுவ வீரர்கள். பயிற்சியாளர் துரோணாச்சாரியர் விருது பெற்ற இஸ்மாயில் பெய்க். 2021 மே மாதம் டோக்கியோவில் நடந்த ஆசிய-ஓசியானியத் தகுதிப் போட்டியில் லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸில் இரண்டாமிடம் பிடித்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வாயினர். ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் ஐந்தாவதாக வந்தார்கள். மறுவாய்ப்புச் சுற்றில் மூன்றாமிடம் பெற்று அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். முடிவில் கிடைத்தது 11ஆம் இடம். ஒலிம்பிக் படகோட்டத்தில் அதற்கு முன் எந்த இந்தியரும் அவ்வளவு தூரம் முன்னேறியதில்லை. பதக்கம் இல்லாததால் அந்தச் சாதனை பரவலாகப் பேசப்படாமல் போனது வருத்தத்துக்குரியது. அதே ஆண்டு டிசம்பரில் தாய்லாந்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் அரவிந்த் லைட்வெயிட் சிங்கிள் ஸ்கல்ஸ் தங்கமும், அர்ஜுன் லால் எடை வரம்பற்ற டபுள் ஸ்கல்ஸில் ரவியுடன் சேர்ந்து தங்கமும் வென்றனர். வரம்புள்ள பிரிவில் உருவான ஒருவர் வரம்பில்லாத பிரிவிலும் முதலிடம் பெற முடிந்தது தனியாகக் குறிக்கத்தக்கது.

2023 செப்டம்பர் 24 அன்று ஹாங்சூ ஆசிய விளையாட்டின் லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸில் அர்ஜுன் லாலும் அரவிந்தும் 6 நிமிடம் 28.18 விநாடியில் வெள்ளி வென்றனர். தங்கம் வென்ற சீன இணை ஏறக்குறைய ஐந்து விநாடி முன்னே இருந்தது. மூன்றாவதாக வந்த உஸ்பெகிஸ்தானும் பின்னால் அதே அளவு இடைவெளியில்தான் வந்தது. அந்த விளையாட்டில் படகோட்டத்தில் இந்தியா பெற்ற பதக்கங்கள் மொத்தம் ஐந்து.

2024 பாரிஸில் இந்தியாவின் லைட்வெயிட் படகு களமிறங்கவில்லை. பல்ராஜ் பன்வார் மட்டும் எடை வரம்பற்ற சிங்கிள் ஸ்கல்ஸில் கலந்துகொண்டார். லைட்வெயிட் பிரிவு ஒலிம்பிக்கில் நடந்ததும் அதுவே கடைசி முறை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அதற்குப் பதிலாகக் கடற்கரையிலிருந்து ஓடிப் படகேறும் பீச் ஸ்பிரிண்ட் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் எடை வரம்பு கிடையாது.