வளவுக்குள் ஒரு புகையிரதம்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், ஆண்குழந்தையின் இளமையைப் பத்துப் பருவங்களாக வகுத்தபோது, இறுதிப் பருவமாக வைத்தது சிறுதேர் உருட்டும் பருவத்தையே. வீதியில் ஓடும் பெருந்தேரைக் கண்ட பிள்ளை, வீட்டு முற்றத்தில் தனக்கென ஒரு சிறுதேரை உருட்டி மகிழ்கிறான். அந்த விளையாட்டையும் பாடுதற்குரிய பொருளாக நம் முன்னோர் மதித்தனர்.

புகையிரதத்தின் வரலாற்றிலும் இத்தகைய ஒரு சிறுதேர்ப் பருவம் உண்டு. அதை உருட்டியவர்கள் குழந்தைகள் அல்லர், கற்றறிந்த பெரியவர்கள். தத்தம் வீட்டு வளவுக்குள் தண்டவாளம் பதித்து, எஞ்சின் செய்து, அதன்மேல் ஏறி அமர்ந்து ஓட்டினார்கள். அயலார் பலர் அதனைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே கருதியிருப்பர். ஆனால் அவர்களுட் சிலர் ஒரு பெரிய வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருந்தனர். ஓர் இருப்புப்பாதையை எவ்வளவு சிறிதாக, எவ்வளவு மலிவாக அமைத்தாலும் அது தன் பணியைச் செய்யும் என்பதே அவ்வினா. அதே வினாவை ஒரு காலத்தில் நம் திருகோணமலை மாவட்டமும் எதிர்கொண்டது. ஆகவே இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் டர்பிஷயர் மாவட்டத்தில், டஃபீல்ட் என்னும் ஊரில் ஆதர் ஹேய்வூட் என்றொரு நிலப்பிரபு வாழ்ந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றவர். பொறியியலில் தீராத நாட்டம் உடையவராயினும், அக்காலத்து உயர்குடியினர் பொறியியலாளராகத் தொழில் பார்ப்பது வழக்கமன்று. ஆகவே தம் கலையைத் தம் வீட்டுத் தோட்டத்திலேயே பயின்றார். இளமையில், தம் தம்பி தங்கையர் ஏறி மகிழும் பொருட்டு, தண்டவாளங்களுக்கு இடையே ஒன்பது அங்குலமே அகலமுடைய ஒரு பாதையை அமைத்திருந்தார். அது ஓடியது, ஆயினும் ஆட்களைப் பாதுகாப்பாகச் சுமக்கும் நிலைப்பு அதற்குப் போதவில்லை.

இதற்குக் காரணம் எளியது. பாதையை நாம் விரும்பியவாறு குறுக்கலாம். அதன்மேல் அமரும் மனிதனைக் குறுக்க முடியாது. பாதை ஒடுங்க ஒடுங்க, அமர்ந்திருப்பவனின் பாரம் உயரத்திலேயே நிற்கிறது. ஒருவன் சற்றுச் சாய்ந்தாலும் வண்டி கவிழும். எந்த அகலத்தில் இந்த அபாயம் நீங்குகிறது என்பதை ஆராய்ந்த ஹேய்வூட், பதினைந்து அங்குலமே தகுந்த மிகக் குறைந்த அளவு என்று முடிவு செய்தார். நம் நாட்டின் அகலப்பாதை ஐந்தரை அடி, அதாவது அறுபத்தாறு அங்குலம். அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம் அது.

1874 ஆம் ஆண்டில் டஃபீல்ட் பாங்க் என்ற தம் இல்லத்தின் பின்புறக் குன்றில் அவர் அப்பாதையை அமைக்கத் தொடங்கினார். சுரங்கங்கள், பாலங்கள், நிலையங்கள் யாவும் அங்கே உருவாயின. உணவுப் பெட்டியும் உறங்கும் பெட்டியுங்கூட இருந்தன. மலைநாட்டுப் பாதையில் கடுகண்ணாவை ஏற்றம் ஏறத்தாழ நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயர்வது. ஹேய்வூட்டின் எஞ்சின்களோ பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்திலும் ஏறின. வளைவுகளில் சக்கரங்கள் இடறாமல் திரும்பும் பொருட்டு, அச்சுகளே பாதையின் வளைவுக்கேற்பத் திரும்பும் ஒரு பொறியை அவர் வகுத்தார்.

இவ்வளவும் எதற்காக? பெரும் பண்ணைகளிலும் கற்சுரங்கங்களிலும் சேறும் குழியுமான வழிகளில் வண்டி மாடுகளும் குதிரைகளும் படும் பாட்டை இந்தச் சிறு பாதை நீக்கும் என்பது அவர் நம்பிக்கை. படைகள் போர்முனைக்குப் பொருள் கொண்டு செல்லவும் இது உதவும் என்று எண்ணினார். 1881 இல் இதுபற்றி ஒரு நூலும் எழுதினார். பார்வையாளர் வந்து வியந்தனர். போர் அலுவலகமோ அதனை ஏற்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் மட்டும் தம் ஈட்டன் மாளிகைக்கு நிலக்கரியும் பிற பொருள்களும் கொண்டு வர மூன்று மைல் பாதை அமைக்குமாறு கேட்டார். அப்பாதை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பணி செய்தது. வேறெவரும் அவரிடம் அத்தகைய பாதையை அமைப்பிக்கவில்லை. 1916 இல் ஹேய்வூட் காலமானார்.

அதே 1916 ஆம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில், எறிகணைகளால் உழப்பட்ட சேற்று நிலத்தில் குண்டுகளையும் உணவையும் கொண்டு செல்ல வழியின்றித் தவித்த பிரித்தானியப் படை, அறுபது சென்ரிமீற்றர் அகலமான சிறு இருப்புப்பாதைகளைப் பெருமளவில் அமைக்கத் தலைப்பட்டது. அகலம் ஹேய்வூட் சொன்னதன்று. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் முன்னமே கைக்கொண்ட அளவு அது. ஆயினும் சிறு பாதை போருக்கு உதவும் என்று தம் தோட்டத்திலிருந்து அவர் சொன்ன சொல் மெய்யாயிற்று.

இனி இந்தியாவுக்கு வருவோம். குவாலியர் அரசர் மாதவராவ் சிந்தியா எஞ்சின்களில் பெருவிருப்பம் கொண்டவர். அவருடைய ஜய விலாச அரண்மனையில், விருந்தினர் முன்னே மேசைமீது பானங்களைச் சுமந்து சுற்றிவரும் வெள்ளிப் புகையிரதம் ஒன்று உண்டு. அதனைப் பலர் அறிவர். அதனினும் முக்கியமான வேறொன்றை அவர் செய்தார். 1890 களில், தம் சொந்தப் பாவனைக்காக இரண்டடி அகலமுள்ள பாதை ஒன்றைப் பதித்தார். அரண்மனைச் சூழலில் விளையாட்டாகத் தொடங்கிய அந்தப் பாதை வளர்ந்து, 1909 இல் சியோப்பூர் நகரை எட்டியது. குவாலியரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர். பஞ்சம் அறிந்த வறண்ட சீமையின் ஏழை மக்களுக்கு அதுவே நெடுங்காலம் போக்குவரத்து வழி. பெட்டிக்குள் இடமின்றிக் கூரைமேலும் ஏறிப் பயணம் செய்தார்கள். அரசனின் சிறுதேர் குடிமக்களின் பெருந்தேர் ஆயிற்று.

எனினும் அதன் முடிவையும் நாம் மறத்தலாகாது. இரண்டடிப் பாதையில் ஓடும் வண்டி, பெரும்பாதையில் ஏற முடியாது. சந்தியில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். பயணம் மெதுவானது. 2020 இல் அப்பாதை மூடப்பட்டு, அகலப்பாதையாக மாற்றும் பணிக்கு இடம் கொடுத்தது.

நம் நாட்டிலும் இதே சிக்கல் தோன்றியது. 1860 களில் கொழும்பிலிருந்து தொடங்கிய நம் முதற்பாதை ஐந்தரை அடி அகலமுடையது. பின்பு செலவைச் சுருக்கும் பொருட்டு, களனிப் பள்ளத்தாக்கில் இரண்டரை அடி அகலப் பாதை ஒன்று 1902 ஆம் ஆண்டளவில் அமைந்தது. நானுஓயாவிலிருந்து இராகலைக்குத் தேயிலைத் தோட்டங்களினூடே அதே அகலத்தில் இன்னொன்று 1904 இல் எட்டியது. மலையை ஒட்டி நெருக்கமாக வளைந்து செல்ல ஒடுங்கிய பாதையே ஏற்றது. அந்த வகையில் அது பொருத்தமான தெரிவுதான். ஆயினும் வீதியில் லொறிகள் வந்ததும் இராகலைப் பாதை 1940 களில் கைவிடப்பட்டது. களனிப் பாதை 1990 களில் அகலப்பாதையாக மாற்றி அமைக்கப்பட்டது.

அடுத்து நம் மாவட்டத்தை நோக்குவோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம்மிடம் இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிரதம் இங்கே வரவில்லை. மாகோவிலிருந்து கிழக்குக் கரை வரையில் காடு, இடையிடையே குளங்கள், மலேரியாவுக்கு அஞ்சி மக்கள் அருகிய ஊர்கள். பயணிகளும் சரக்கும் குறைவாக உள்ள அத்தகைய சீமையில் பெருஞ்செலவில் பாதை அமைப்பது எங்ஙனம்? குறைந்த செலவில் எப்படி அமைப்பது என்ற கேள்வி, ஹேய்வூட் கேட்ட அதே கேள்விதான்.

அதற்குக் கிடைத்த விடையே ‘இலகு புகையிரதப் பாதை’. இப்பெயரைக் கேட்டு அகலம் குறைந்த பாதை என்று எண்ணிவிடக் கூடாது. அகலம் ஐந்தரை அடியாகவே இருந்தது. தண்டவாளம் பாரம் குறைந்தது, அமைப்பு எளியது, வேகமும் குறைவு. மாகோவிலிருந்து கல்லோயா வந்து, அங்கே பிரிந்து, ஒரு கிளை கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலையை 1927 இல் அடைந்தது. மற்றைய கிளை 1928 இல் மட்டக்களப்பை அடைந்தது.

இங்கேதான் இன்றைய பேச்சின் முக்கியமான பொருள் இருக்கிறது. செலவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. பாதையின் அகலத்தைக் குறைக்கலாம். அன்றேல் அகலத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தின் பாரத்தைக் குறைக்கலாம். இலேசான தண்டவாளத்தை, காலம் கைகூடும்போது, கழற்றிக் கனமானதாக மாற்றிக்கொள்ளலாம். ஒடுங்கிய அகலத்தை மாற்ற வேண்டுமாயின் பாலம், வளைவு, எஞ்சின், பெட்டி யாவற்றையும் மாற்ற வேண்டும். பின்னர் திருத்தக்கூடிய இடத்தில் சிக்கனம் செய்து, திருத்த முடியாத இடத்தில் சிக்கனம் செய்யாது விட்டமையே நம் பாதையின் சிறப்பு. கொழும்புக் கோட்டையில் ஏறிய ஒருவர், வண்டி மாறாமலே திருகோணமலையில் இறங்க முடிவது இதனாலேயே. குவாலியருக்கும் இராகலைக்கும் நேர்ந்தது நமக்கு நேராமற் போனதற்கு இது ஒரு காரணம்.

பாதை அமைந்து பதினைந்து ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாயிற்று. 1942 ஏப்ரில் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்க் குதங்களுள் ஒன்று எரிந்தது. போர்க்காலத்தில் துறைமுகத்தை உள்நாட்டோடு பிணைத்த இருப்புப்பாதை, காட்டினூடே வந்த இந்த இலேசான பாதை ஒன்றே.

வியப்புக்குரிய ஓர் ஒப்புமையையும் குறிப்பிட வேண்டும். நம் பாதை திருகோணமலையை அடைந்த அதே 1927 இல், இங்கிலாந்தின் தென்கரையில் பதினைந்து அங்குல அகலத்தில் ரொம்னி, ஹைத், டிம்சேர்ச் புகையிரதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதை அமைத்தவர் ஹவி என்னும் செல்வந்தர். போர்க்காலத்தில் படையினர் அதனை ஏற்று, கவசம் பூட்டிய சிறு வண்டி ஒன்றை அதில் ஓட்டினார்கள். கடலடியில் பிரான்ஸுக்கு எண்ணெய் கொண்டு செல்லக் குழாய் பதித்த வேலைக்கும் அது உதவியது. அதே 1927 இல்தான், ஹேய்வூட் 1894 இல் செய்த ‘மியூரியல்’ என்ற எஞ்சின், ரேவன்கிளாஸ் என்னும் ஊரின் சிறு பாதையில் ‘ரிவர் ஏர்ட்’ என்ற புதுப்பெயரோடு திருத்தியமைக்கப்பட்டது. அது இன்றும் ஓடுகிறது.

இனி, நம் ஊரில் ஒருவர் தம் வளவுக்குள் சிறு புகையிரதம் அமைக்க விரும்பினால் என்ன நேரும்? இன்று உலகெங்கும் தோட்டப் பாதைகளுக்குப் பெரிதும் வழங்கும் அகலம் 45 மில்லிமீற்றர். நம் ஐந்தரை அடிப் பாதையை இந்த அளவுக்குக் குறுக்கினால், ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு பங்கு ஆகும். 300 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவு, வளவில் எட்டு மீற்றர் ஆரம் வேண்டி நிற்கும். அரை வட்டம் போடவே பதினாறு மீற்றர் இடம் போய்விடும். களனிப் பாதையை மாதிரியாகக் கொண்டால் பதினேழில் ஒரு பங்கு. வண்டிகள் பெரிதாகத் தோன்றும், வளைவுகளோ இறுக்கமாக இருக்கலாம். மலைநாட்டில் பொறியியலாளர் ஒடுங்கிய பாதையைத் தெரிந்ததன் நியாயத்தை, ஒரு மாணவன் தன் வீட்டு வாழைமரத்தடியிலேயே கண்டுகொள்வான்.

வெயிலும் அவனுக்கு ஆசிரியர். பத்து மீற்றர் நீளமான பித்தளைத் தண்டவாளம், காலைக்கும் நண்பகலுக்கும் இடையே முப்பது பாகை சூடேறினால் ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் நீளும். இடைவெளி விடாது பொருத்தினால் பாதை நெளியும். ஐப்பசி, கார்த்திகை மாரிமழை அடுத்த பாடத்தைச் சொல்லும். சல்லிக்கல் பரப்பி நீர் வடிய வழி செய்யாதவனின் பாதை ஓரிரவில் மணலோடு போகும். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். ஆகவே பித்தளையின் பெறுமதி விளங்கும். கணிதம், பௌதிகம், புவியியல், வரலாறு ஆகிய நான்கு பாடங்களும் ஒரே வளவில் கூடுகின்றன.

பெற்றோருக்கும் என் உடனாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய ஈருருளிச் சக்கரத்தையும் தகரத் துண்டையும் வைத்துக்கொண்டு, படிப்பை விட்டுவிட்டு ஏதோ செய்கிறான் என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளை, சில வேளை தக்கதொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். என்ன செய்கிறாய் என்று அதட்டுவதற்குப் பதிலாக, ஏன் இந்த அளவில் செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அவனுக்குத் தெரிந்தால், அவன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று கொள்ளலாம். தெரியாவிட்டால், மறுநாள் தெரிந்துகொண்டு வருவான்.

கல்லோயாச் சந்தியைக் கடந்து கந்தளாய்க் காட்டினூடே திருகோணமலை நோக்கி வரும் வண்டியில் அடுத்த முறை நீங்கள் அமர்ந்திருக்கும்போது, உங்கள் பாரத்தைச் சுமக்கும் அந்த இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். காசு குறைந்த காலத்திலும் அதனைக் குறைக்காது விட்டவர்களின் முன்யோசனைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.