நீருள் மறைந்த பட்டினமும் ஆழம் பார்க்கும் வித்தையும்

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பிரதேசத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கி அம்பன் கங்கையோடு சங்கமிக்கும் களு கங்கைக்கு (களுத்துறையில் கடல் சேரும் பிரசித்தமான களு கங்கை வேறு, இது வேறு) அணையிட்டு, 2018ஆம் ஆண்டில் நீர் நிரப்பத் தொடங்கியபோது, பழைய பல்லேகமப் பட்டினம் அந்நீருக்குள் மறைய, அதன் ஜனங்கள் மேட்டில் எழுந்த புதிய நகருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நீரைத் தேக்குவது அப்பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தை நிரப்பியதும் அம்பன் கங்கையே. ஆயினும் புராதனக் குளங்கள் பரந்து விரிந்தவையேயன்றி மிக ஆழ்ந்தவை அல்லவாதலால், கரையை அடுத்த நீர்ப்பரப்பில் ஓடக்காரனின் கோலுக்கே தரை தட்டுப்படும். 60 மீற்றருக்கு மேல் உயர்ந்த அணைக்குப் பின்னே தேங்கிய நீருக்கோ கோல் எம்மாத்திரம்?

கடலோரத்தார் ஆழமறியக் கயிற்றை நம்பினார்கள். இரு கைகளையும் விரித்தால் விரல்நுனிகளுக்கு இடைப்பட்ட நீளம் ஒரு பாகம். மனித தேகமே அளவுகோலாக நின்ற அச்சொல்லை நம் மீனவர் இன்றும் வழங்குவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி, அதில் ஒட்டி வருவது மணலா சேறா என்று பார்த்த மாலுமிகளும் உண்டு.

கயிற்றுக்குப் பின் அவ்வேலைக்கு வந்தது ஓசை. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாதோன், ஸ்தூர்ம் என்ற இருவர் நீருள் மணியடித்து, நீரில் ஓசை வினாடிக்கு 1,435 மீற்றர் செல்லும் எனக் கண்டார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கிய துயரம் தூண்ட, நீருள் எதிரொலியை ஆராய்ந்த ஜெர்மானியர் பேம், மறு வருஷமே எதிரொலியால் ஆழமறியும் முறைக்கு உரிமை பதிந்தார்.

இன்று அம்முறையில் இயங்கும் யந்திரம் சிறு அலுமினியப் படகிலும் ஏறிவிட்டது. படகின் அடியைத் துளைத்து வெண்கல உறுப்பைப் பொருத்தினால், இரு உலோகங்களும் நீரில் கூடி அலுமினியம் அரிக்கப்படும். ஆதலால், ஓசையை அனுப்பி எதிரொலியை வாங்கும் உணர்கருவியை, மெல்லிய தகட்டின் உட்புறத்திலேயே எபொக்சிப் பசையால் ஒட்டிவிடுவதும் உண்டு. ஓசை சிறிது பலமிழப்பினும் தகட்டை ஊடுருவிச் செல்லும். பரம சத்துரு காற்றுதான். பசையினுள் சிறு குமிழி அகப்பட்டாலும் ஓசை அங்கேயே பிரதிபலித்துத் திரும்பிவிடுமாகையால், தகட்டின் வர்ணத்தைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, கருவியை அழுத்தித் திருகித் திருகிக் காற்றை வெளியேற்றும் பொறுமையில்தான் இத்தொழிலின் நேர்மை இருக்கிறது.

பழைய பல்லேகம வீதிக்கு மேலே, 30 மீற்றர் நீரில் அத்தகைய படகொன்று நின்றால், ஓசை கீழே போய்த் திரும்ப ஒரு வினாடியின் நூறில் நான்கு பங்கு போதும். மலையிலிருந்து வரும் வண்டல் அவ்வீதியின்மேல் படியப் படிய, அதே நீர்மட்டத்திலும் அந்த எண் வருஷந்தோறும் சிறுகச் சிறுகக் குறையும்.