அந்த நாள்: குற்றக்கதையும் குணச்சித்திரமும்

பாடலும் ஆடலுமின்றித் தமிழ்ப்படம் இல்லை என்றிருந்த காலத்தில், ஒரு பாடலேனும் இன்றி 1954இல் வெளிவந்தது எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்'. குற்றக்கதையான அதன் கவர்ச்சி யாதென இங்கு நோக்குவோம்.

1943 ஒக்டோபரில் சென்னைமீது யப்பானியர் குண்டு வீசிய சூழலில் கதை நிகழ்கிறது. வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரணையில் உறவினரும் அயலவரும் ஒருவர்மீது ஒருவர் ஐயங்கொண்டு உரைக்கின்றனர். கொலையாளியைத் தேடும் நாம், நடுத்தர வர்க்கக் குடும்பமொன்றின் முரண்பாடுகளையே கண்டறிகிறோம்.

ராஜன் பிறவிக் கொடியவனல்லன். தன் ஆராய்ச்சிக்கு ஆதரவு மறுக்கப்பட்ட கசப்பே அவனை யப்பானியரின் ஒற்றனாக்கியது. அவனது முடிவோ நாட்டுப்பற்று மிக்க மனைவி உஷாவின் கையாலேயே நேர்கிறது. 'பராசக்தி'யால் 1952இல் புகழ்பெற்ற சிவாஜி கணேசன் இத்துரோகியாக நடித்தமை, பார்வையாளரின் அனுதாபத்தையும் தீர்ப்பையும் மோதவிட்டது.

திறமையைப் புறக்கணிக்கும் சமூகம் குற்றத்தில் பங்காளியாகுமா? அக்கசப்பு மக்களைக் காட்டிக்கொடுப்பதற்கு நியாயமாகுமா? முதல் வினாவை எம்மிடமே விட்டுவிடும் இப்படம், இரண்டாவதற்கு 'ஆகாது' என உறுதியாக விடையிறுக்கிறது. கொலையாளியை அறிந்த பின்னரும் இதனை மீண்டும் பார்க்கத் தூண்டுவது இம்முரணே என்பது எமது கருத்தாகும்.