சாய்ந்த சுவரும் அன்தாக்கியா நகரமும்

நகரின் கோடியிலிருந்து ஓடிவந்து தம் சமுதாயத்திற்கு நல்லுரை கூறிய ஒரு மனிதரைப் பற்றி யாஸீன் ஸூராவில் ஓதுகிறோம். அவர் பெயர் ஹபீபுன் நஜ்ஜார் என்றும், அந்நகரம் அன்தாக்கியா என்றும் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். இன்று துருக்கியின் ஹதாய் மாகாணத்தில் உள்ள அந்நகரில் அவர் பெயரால் ஒரு பழம்பெரும் பள்ளிவாசல் இருந்தது. 2023 பிப்ரவரி 6 (ஹிஜ்ரி 1444, ரஜப்) அன்று, ஸுப்ஹுக்கு முன்பாக 4.17 மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அப்பள்ளிவாசலும் இடிந்து விழுந்தது.

முதல் அதிர்வின் அளவு 7.8. அன்று பிற்பகலிலேயே 7.5 அளவில் இன்னொன்று. துருக்கியில் மட்டும் 53,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அன்தாக்கியாவுக்கு இது புதிதன்று. கி.பி. 526இல் அங்கு சுமார் இரண்டரை லட்சம் பேர் மாண்டதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். 1872இலும் நகரம் பேரழிவைக் கண்டது. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள், தம் காலம் வரை நிகழ்ந்த நிலநடுக்கங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார்கள். ஆகவே, ஆபத்தை அறியாத பூமியில் கட்டினோம் என்று எவரும் சொல்வதற்கில்லை.

1999இல் இஸ்மித் நிலநடுக்கத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தபின் துருக்கியில் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் 2018இல், விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்தும் சட்டம் வந்தது. பணம் காகிதத்தைச் சரிசெய்தது, தூணைச் சரிசெய்யவில்லை. கீழ்த்தளத்தில் கடைக்காகத் தூண்களை அகற்றிய கட்டடம், அதிர்வு வந்தால் மேல்தளங்களின் பாரத்தைத் தாங்காது. ஆற்றுப்படுகையின் இளகிய மண்ணோ அதிர்வை மேலும் பெருக்கும்.

அதே ஹதாயில் உள்ள எர்ஸின் என்ற சிற்றூரில் ஒரு கட்டடமும் இடிந்து விழவில்லை. விதிமீறலை அனுமதிக்கவில்லை என்றார் அவ்வூர் மேயர். உறுதியான தரையும் ஒரு காரணம் என்றனர் நிலவியல் அறிஞர்கள். இரண்டிலும் நமக்குப் படிப்பினை உண்டு.

இடிபாடுகளில் சிக்கி இறந்த முஃமின் ஷஹீதுகளில் ஒருவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அது இறந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல். கட்டியவருக்கு மன்னிப்புச் சீட்டன்று. மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில் ‘சாய்ந்த சுவர்’ பற்றித் தனிப் பாடம் உண்டு. பாதைப் பக்கம் சாய்ந்த சுவரை இடிக்கும்படி கேட்டும், இயன்றும் உரிமையாளர் இடிக்காமல் விட்டு, அது விழுந்து உயிர் போனால் நஷ்டஈடு கடமையாகும். தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டிய சுவர் என்றால் எச்சரிக்கையும் தேவையில்லை, கட்டியவரே பொறுப்பாளி. நிலநடுக்கம் அல்லாஹ்வின் கத்ர். சிமெண்டையும் கம்பியையும் குறைத்தது மனிதனின் அமானித மோசடி. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

எனவே, வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிப்போம். பொறியாளரைக் கேட்காமல் தூணையோ உத்தரத்தையோ தொடாதிருப்போம். கனமான அலமாரிகளைச் சுவரோடு பிணைப்போம். அதிர்வு வந்தால் ஓடாமல், உறுதியான மேசைக்கடியில் குனிந்து அமர்ந்து, தலையைக் காத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.