வழிப்போக்கரின் பங்கு

தஞ்சையிலிருந்து நாகூருக்குக் காரில் செல்லும் வழி சோழவள நாட்டின் அழகையெல்லாம் காட்டும் வழி. இருமருங்கும் வயல்கள், இடையிடையே வாய்க்கால்கள். நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து செல்கின்றன. அம்பாஸிடர் கார்கள் மலிந்திருந்த நாட்களில் முன்னே மூவரும் பின்னே ஐவருமாக நெருங்கியமர்ந்து, மடியில் சோற்றுத் தூக்குடன் ஸியாரத்துக்குப் புறப்பட்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். மராத்திய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய 131 அடி உயரப் பெரிய மினாரா தென்பட்டதும் பிள்ளைகளின் ஆரவாரத்துக்கு அளவிராது.

இன்பம் உள்ள வழியில் இடரும் உண்டு. கந்தூரி ஹிஜ்ரிக் கணக்கில் வருவதால் சில ஆண்டுகளில் அது ஐப்பசி, கார்த்திகை மழையில் அமைந்துவிடும். அப்போது சாலையோர வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாது. கோடையிலோ ரேடியேட்டர் கொதிக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட் நெடுங்காலம் பயணிகளின் பொறுமையைச் சோதித்த இடம். அறுவடை நாட்களில் உழவர்கள் சாலையிலேயே நெல்லைக் காயப் போடுவர். கார் ஒதுங்கித்தான் போகவேண்டும்.

கார் வருமுன் இதே மண்ணில் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்றோர்க்கு நேர்ந்த இடர்கள் இவற்றினும் கொடியவை. காய்ச்சலும் பாம்புக்கடியும் வழியிலேயே உயிரைக் குடித்தன. அதற்காகவே தஞ்சை மராத்தியர் சாலையோரங்களில் சத்திரங்கள் அமைத்தனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் அவர்கள் காலத்தவை.

1799-இல் தஞ்சையின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. சத்திரங்களின் கதி என்னாகுமோ எனக் கவலையுற்ற இரண்டாம் சரபோஜி, 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். சாதி வேறுபாடின்றி எல்லா வழிப்போக்கருக்கும் அங்கே சோறிடப்படுவதையும், நோய்க்கும் நஞ்சுக்கும் மருந்தளிக்க வைத்தியர் இருப்பதையும் அதில் எடுத்துரைத்தார். ஆட்சி போன பின்னும் ஒரு மன்னர் மன்றாடிக் காக்க விரும்பியது, பெயர் தெரியாத வழிப்போக்கரின் சோற்றை!

1862-க்குள் நாகையிலிருந்து திருச்சி வரை இருப்புப்பாதை வந்தது; பின்னர் பஸ்ஸும் காரும் வந்தன. பல நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. சத்திரத்தை நாடுவோரும் குறைந்தனர். ஆயினும் டயர் வெடித்து நடுவழியில் நிற்கும் குடும்பத்துக்கு அன்றுபோல் இன்றும் அயலார் உதவியே துணை. கயிறு கொண்டு வருபவரும், பெண்களைத் திண்ணையில் அமர்த்தித் தண்ணீர் தருபவரும் அவ்வூர் மக்களே.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் இறைவன் சேர்த்துள்ளான். ஊரில் செல்வராயினும் வழியில் அவர் கையற்றவராகலாம் என்பதே அதன் கருத்து. எனவே, சாலையில் காயும் நெல்லின்மீது காரை ஏற்றாது ஒதுங்கிச் செல்வோம். வழியில் நிற்கும் காரைக் கண்டால் நிறுத்தி விசாரிப்போம். சத்திரங்கள் செய்த பணியில் நம்மால் இயன்றது அதுவே.