தட்டைத் தாளும் கிப்லாவின் திசையும்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் தம் ஊரையும் மக்காவையும் அளவுகோலால் இணைத்துப் பார்த்து, பள்ளிவாசலின் மிஹ்ராப் சற்று விலகியிருக்கிறதோ என ஐயுறுவோர் எங்கும் உண்டு. பிழை மிஹ்ராபிலா, தாளிலா?

உருண்டையான பூமியின் மேற்பரப்பைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தாளில் விரிக்க இயலாது. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் அழுத்தினால் இது விளங்கும். எனவே படம் வரைவோர் பரப்பு, கோணம், தொலைவு ஆகியவற்றுள் எதைக் காப்பது, எதை விடுவது எனத் தீர்மானித்தாக வேண்டும். 1569-ல் மெர்கேட்டர் மாலுமிகளுக்கென வரைந்த படத்தில் கோணத்தைக் காத்துப் பரப்பைக் கைவிட்டார். நம் நாட்டின் மூன்றில் இரு பங்கே உள்ள கிரீன்லாந்து அதில் நம்மைவிடப் பன்மடங்கு பெரிதாய்த் தோன்றுவது அதனால்தான். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துச் செல்லும் பாதை அப்படத்தில் நேர்கோடாக அமையும். மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர்க்கு அது பயன்பட்டிருக்கும். ஆயினும் அக்கோடு மிகக் குறுகிய வழியன்று.

கிப்லாவைக் கணித்த நம் அறிஞர்கள் கொண்டதோ உருண்டையின்மீதான குறுகிய வழி. அல்பிரூனி கஸ்னி நகரின் கிப்லாவைக் காண வேண்டி, ஏறத்தாழ 1025-ல், நகரங்களின் இருப்பிடங்களைக் கணிப்பதற்கெனத் தனி நூலே இயற்றினார். பஞ்சாபின் நந்தனாவில் மலைமேல் நின்று, தொடுவானம் தாழும் கோணத்தை அளந்து பூமியின் ஆரத்தையும் கண்டறிந்தார்.

அவ்வழியில் கூத்தாநல்லூருக்கு நாமும் கணக்கிட்டுப் பார்த்தோம். நமதூர் வட அட்சம் 10.7 பாகை, கிழக்குத் தீர்க்கம் 79.5 பாகை; மக்கா 21.4, 39.8. கோளக் கணக்கின்படி கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை. மெர்கேட்டர் படத்தில் கோடிட்டாலோ 16 பாகைதான் வருகிறது! இதனால் எவருடைய தொழுகையும் பழுதாகிவிடாது. தொலைவில் உள்ளோர் அத்திசையை நோக்கினாலே போதும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. எனினும் புதிதாய்ப் பள்ளி எழுப்புவோர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது.

இருப்பிடங்களைத் துல்லியமாய் அளப்பதும் எளிதாய் நடந்ததன்று. 1802-ல் சென்னை பரங்கிமலையருகே பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்ப்டனுக்கு, மேடேயில்லாத காவிரி வயல்வெளியில் கோயில் கோபுரங்களே மலைகளாயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றுகையில் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அவரது தியோடலைட்டு கருவி சுவரில் மோதி வளைந்தது. கூடாரத்துள் பல வாரங்கள் அமர்ந்து அவரே அதனைச் செப்பனிட்டார்.

படமும் கருவியும் இன்றியும் சரிபார்க்கலாம். மே 28-ஐ ஒட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16-ஐ ஒட்டி 2.57 மணிக்கும் கதிரவன் கஅபாவின் உச்சியில் நிற்கும். அப்போது பள்ளி முற்றத்தில் ஒரு கழியைச் செங்குத்தாய் நட்டால், அதன் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிரே விழும்.