பழைய மின்னஞ்சல் தேடினால் கிடைக்க வேண்டும்: சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கும்போதுதான் பல சங்கங்களில் பழைய கடிதங்களைத் தேடும் வேலை தொடங்குகிறது. மண்டபத்திற்குக் கட்டிய முன்பணத்தின் ரசீது, மானியம் கிடைத்ததாக வந்த கடிதம், நன்கொடையாளருக்கு அனுப்பிய கணக்கு என எல்லாமே முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் கிடக்கும். அவர் கடவுச்சொல்லை மறந்திருக்கலாம், வேறு ஊருக்கு மாறியிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம்.

மலேசியாவில் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற அமைப்புகள், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கடிதம் கிடைக்காமல் போனால், கணக்கில் ஒரு வரிக்குச் சான்று இல்லாமல் போகும்.

கடிதம் உண்மையில் எங்கே இருக்கிறது?

கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே கடிதம் தெரிவதால் இரண்டு நகல்கள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இன்று பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகள் ஐமேப் முறையில் இயங்குகின்றன. இதில் மூலக் கடிதம் சேவை நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். கைப்பேசியில் அழித்தால் கணினியிலும் மறைந்துவிடும். பழைய பாப் முறை கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். சர்வரில் நகலை விட்டுவைக்கச் சொல்லாவிட்டால், கணினி பழுதாகும்போது கடிதமும் போய்விடும்.

ஜிமெயிலில் 'ஆர்க்கைவ்' பொத்தானை அழுத்தினால் கடிதம் இன்பாக்ஸிலிருந்து மட்டுமே விலகும். அது 'ஆல் மெயில்' பகுதியில் அப்படியே இருக்கும். குப்பைத்தொட்டிக்குப் போன கடிதம் 30 நாள்களில் நிரந்தரமாக அழியும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை டிரைவ், ஃபோட்டோஸ் ஆகியவையும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023இல் அறிவித்தது. பதவி விலகிய செயலாளர் சங்கத்திற்கென்று திறந்து, பிறகு தொடாமல் விட்ட கணக்கும் இந்த விதிக்குள் வரும்.

கணினியில் தனி நகல் வைப்பது

மொசில்லாவின் தண்டர்பேர்ட் இலவச மின்னஞ்சல் செயலி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதில் சங்கத்தின் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால், இடப்பக்கத்தில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதியும் தெரியும். அங்கே வைக்கும் கடிதங்கள் அந்தக் கணினியிலேயே இருக்கும்.

அதில் ஆண்டுவாரியாக உறைகளை உருவாக்கி, வேண்டிய கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'காப்பி டு' வழியாக அனுப்பலாம். 'மூவ்' கொடுத்தால் சர்வரில் உள்ள கடிதம் அங்கிருந்து நீங்கிவிடும். கவனம் தேவை.

தண்டர்பேர்ட் வழக்கமாக எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. ஓர் உறையிலுள்ள கடிதங்கள் அனைத்தும் ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். அந்தக் கோப்பு கெட்டால் உறை முழுவதும் பாதிக்கப்படலாம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே உறையில் குவிக்காமல் ஆண்டுக்கு ஒன்றாகப் பிரிப்பது நல்லது.

எம்பாக்ஸில் அழித்த கடிதத்திற்கு முதலில் 'அழிக்கப்பட்டது' என்ற குறி மட்டுமே போடப்படும். 'கம்பேக்ட்' செய்யும்போதுதான் அது கோப்பிலிருந்து உண்மையில் நீங்கும். தவறுதலாக அழித்துவிட்டவர்கள் உடனே கம்பேக்ட் செய்யாமல் இருந்தால், மீட்க வாய்ப்பு உண்டு.

மொத்தக் கணக்கையும் ஒரேயடியாக எடுக்க விரும்பினால், கூகுள் டேக்அவுட் மூலம் ஜிமெயில் கடிதங்களை எம்பாக்ஸ் கோப்பாகப் பதிவிறக்கலாம்.

தேடுவது எப்படி?

ஜிமெயிலின் தேடல் பெட்டியின் வலப்பக்கச் சின்னத்தை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அனுப்பியவர், தலைப்பு, தேதி, இணைப்பு உள்ளதா என்பதைத் தனித்தனியாக நிரப்பலாம். ஒரு சொல்லை மட்டும் தட்டிவிட்டு நூற்றுக்கணக்கான கடிதங்களைப் புரட்டுவதைவிட, தேதியையும் அனுப்பியவரையும் சேர்த்துக் கொடுப்பது விரைவில் பலன் தரும்.

தண்டர்பேர்டில் திறந்திருக்கும் உறைக்குள் தேட 'குயிக் ஃபில்டர்' போதும். பல நிபந்தனைகளைச் சேர்த்துத் தேட கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். அடிக்கடி தேவைப்படும் தேடலை ஓர் உறையாகவே சேமித்துவைக்கலாம். 'மானியம்' என்று சேமித்தால், அந்தச் சொல் தலைப்பில் உள்ள கடிதங்கள் தாமாகவே அதில் தோன்றும். ஆனால் அந்த உறை ஒரு கண்ணாடி போன்றது. அதற்குள் ஒரு கடிதத்தை அழித்தால், மூல உறையிலிருந்தும் அது போய்விடும். தேடல் உறையையே நீக்கினால் கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

தமிழில் தேடும்போது

தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் மாறும். 'கூட்டம்' என்று தேடினால் 'கூட்டத்தில்', 'கூட்டத்திற்கு' என்று எழுதப்பட்ட கடிதங்கள் விடுபடும். தண்டர்பேர்டின் குயிக் ஃபில்டர் சொல்லின் ஒரு பகுதியையும் பொருத்திப் பார்ப்பதால், 'கூட்ட' என்று நிறுத்தினாலே மூன்றும் கிடைக்கும். 'கணக்கு', 'கணக்கில்' இரண்டும் வேண்டுமென்றால் 'கணக்க' என்று தட்டினால் போதும். ஜிமெயிலின் தேடல் பொதுவாக முழுச் சொல்லையே பொருத்துவதால், அங்கே இரண்டு மூன்று வடிவங்களையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதிய கடிதங்களில் வேறொரு சிக்கல். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் 1990களிலேயே தமிழில் மின்னஞ்சல் எழுத முடிந்தது. ஆனால் அப்போது குறியீட்டு முறைகள் பல. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலும் பொதுக் குறியீடு பேசுபொருளானது. பிறகு பரவலான திஸ்கி முறையில் எழுதிய கடிதங்கள் இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும்.

யூனிகோடில் தட்டும் சொல்லால் அவற்றைத் தேடிப் பிடிக்க முடியாது. குறியீட்டு எண்கள் வேறு. திஸ்கியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னே. இத்தகைய கடிதங்களை அனுப்பியவரின் முகவரி, தேதி கொண்டே தேட வேண்டும். கிடைத்ததும் எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி, மூலக் கடிதத்தையும் அழிக்காமல் இரண்டையும் ஒன்றாக வைப்பது நல்லது. புரியாத குறிகள் என்று குப்பையில் போட்டால், ஒரு சங்கத்தின் தொடக்க கால வரலாறே அதில் போய்விடக்கூடும்.

பொறுப்பு மாறும் நாளில்

சங்கக் கடிதப் போக்குவரத்தைச் சொந்த முகவரியில் நடத்தாமல், சங்கத்தின் பெயரிலேயே ஒரு முகவரி வைத்துக்கொள்வது முதல் படி. புதிய செயலவை பொறுப்பேற்கும் நாளில் முத்திரை, வங்கிப் புத்தகத்தோடு அந்தக் கணக்கும் கைமாற வேண்டும். கடவுச்சொல்லை மட்டுமின்றி, மீட்புக்கான கைப்பேசி எண்ணையும் அன்றே மாற்ற வேண்டும். பழைய எண் இருந்தால் உறுதிக் குறியீடு முன்னாள் செயலாளருக்கே போகும்.

தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் 'ப்ரொஃபைல்' உறையை வெளிவட்டு ஒன்றில் ஆண்டுக்கு ஒருமுறையாவது நகலெடுக்கலாம். சேமித்த கடவுச்சொற்களும் அந்த உறையில் இருப்பதால், வட்டைப் பூட்டிய அலமாரியில் வைப்பதே முறை.

சொந்தக் கணக்கையே பயன்படுத்தி வந்தவர்கள் கூகுளின் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' பகுதியில் நம்பிக்கையான 10 பேர் வரை குறிப்பிடலாம். கணக்கு குறிப்பிட்ட காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்தால், தேர்ந்தெடுத்த தரவுகள் அவர்களுக்குக் கிடைக்கும்.

நகலெடுத்தபின் ஒரு சோதனையும் தேவை. மூன்று ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ரசீதைத் தேடிப் பார்க்கும்படி புதிய செயலாளரிடம் சொல்லலாம். சில நிமிடங்களில் அவர் அதை எடுத்துக் காட்டினால், அந்தச் சங்கத்தின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.